ஸ்ரீரங்கத்தில் 'தீவு வாழ்க்கை' பேக்கேஜ்: நான்கு மாதம் தங்கியவளின் வரவு செலவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு ஐந்துக்கு இரண்டரை, ஊருக்கு நாலரை. அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம். மற்றவர்கள் கொஞ்சம் உட்காருங்கள், அந்த இரண்டு நட்சத்திர இடைவெளிக்குள் மாதம் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஒளிந்திருக்கிறது.

எனக்குத் தஞ்சாவூர் பாபநாசம் பக்கம், என் கணவருக்கு மன்னார்குடி. சிங்கப்பூரில் 21 வருடம் ஆயிற்று. அவர் கப்பல் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டார், நான் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்துவிடலாமா என்ற பேச்சு ஐந்தாறு வருடமாக வீட்டில் ஓடுகிறது. வந்தால் எங்கே என்பதுதான் சண்டை. சொந்த ஊருக்கே போனால் தினம் ஒரு பஞ்சாயத்து. திருச்சி என்றால் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, மகளைப் பார்க்க நேரடி விமானம் இருக்கிறது, சொந்தக்காரர்களும் நினைத்தால் வந்து போகலாம், ஆனால் தினம் வர மாட்டார்கள். அதிலும் ஸ்ரீரங்கம் என்றால் எனக்கு ஒரு ஆசை. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், மேற்கே முக்கொம்பில் பிரிகிற தண்ணீர் நடுவில் விட்டுவைத்த ஊர், டெல்டாவுக்குத் தலைவாசல். தீவிலிருந்து தீவுக்குத்தானே போகிறோம் என்று அவரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

ஒத்திகை பார்த்துவிடுவோம் என்று 2025 நவம்பர் 20 முதல் 2026 மார்ச் 20 வரை ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட் எடுத்தோம். பெயர் எழுதப் போவதில்லை. அங்கே இருக்கும் மேனேஜர் தம்பி நல்ல பையன், அவன் பிழைப்பில் நான் மண்ணைப் போட வேண்டாம். "வெளிநாடு வாழ் தமிழர்களுக்கென்றே, அமைதியான ஆற்றுத்தீவில்" என்று விளம்பரம். இரண்டு படுக்கையறை, எல்லாச் சாமானும் உள்ளே, மாதம் 42,000. ஆறு தெரிகிற பக்கம் வேண்டுமென்றால் இன்னொரு 4,000. ஆற்றைப் பார்க்காமல் ஸ்ரீரங்கத்தில் எதற்கு இருக்க வேண்டும் என்று அதையும் சேர்த்துக் கட்டினோம்.

நாங்கள் பணம் அனுப்பியபோது ஒரு வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, 68 ரூபாய் கிடைத்தது. 46,000 ரூபாயை வகுத்தால் 676 வெள்ளி. சிங்கப்பூரில் யீஷூனில் இருக்கிற எங்கள் வீட்டின் ஓர் அறையை 900 வெள்ளிக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வந்திருக்கிறோம், அப்படிப் பார்த்தால் கையில் மிச்சமே வருகிறது என்று விமானத்திலேயே கணக்குப் போட்டோம். இந்த வகுத்தல் இருக்கிறதே, அதுதான் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வரும் முதல் வியாதி. 68 ஆல் வகுத்தால் உலகத்தில் எந்த விலையும் நியாயமாகத்தான் தெரியும்.

வீட்டில் நல்லது என்னவென்றால், சுத்தம். லிஃப்ட் ஓடுகிறது, வெந்நீர் வருகிறது, வைஃபையில் மகளோடு முகம் பார்த்துப் பேச முடிகிறது. பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்டை நிறுத்துகிற நாளில் ஜெனரேட்டர் கைகொடுத்தது. மெத்தை ஏழாண்டு பழசு என்று அவர் சொன்னார், எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. சமையலறைதான் யாரோ படத்தைப் பார்த்து அடுக்கியது போல இருந்தது. ஒயின் குடிக்கிற கிளாஸ் ஆறு இருக்கிறது, இட்லிப் பானை இல்லை. நான்ஸ்டிக் தவா இருக்கிறது, இரும்பு தோசைக்கல் இல்லை. காபி ஃபில்டர் கேட்டபோது தம்பி இன்ஸ்டன்ட் பாக்கெட்டை நீட்டினான். ஸ்ரீரங்கத்தில்! பெரிய கடைவீதிக்குப் போய் இட்லிப் பானை, ஃபில்டர், கல் மூன்றும் வாங்கினேன், வரும்போது அங்கேயே விட்டுவிட்டு வந்தேன், அடுத்து வருகிறவர் புண்ணியம் கட்டிக்கொள்ளட்டும்.

இப்போது ஆறு. நவம்பர், டிசம்பரில் காலையில் பால்கனியில் காபியோடு நின்றால் நுரை கட்டிப் போகிற காவிரி, அக்கரையில் மலைக்கோட்டை, 4,000 ரூபாய்க்குத் தகும் என்றே சொல்வேன். பொங்கல் முடிந்தது. வழக்கமாக ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மேட்டூரில் பாசனத் தண்ணீரை நிறுத்துவார்கள், இது தஞ்சாவூர்க்காரிக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் தெரியவில்லை. பிப்ரவரி பாதியில் பார்த்தால் மணல், மணலுக்கு நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர், அதில் கொக்கு. மாலையில் பையன்கள் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடினார்கள். "தண்ணி இல்லாத மாசத்துக்கு ஆத்துக் காசைக் குறைச்சுக்கலாமே தம்பி" என்றேன். "வியூ அப்படியே தானேம்மா இருக்கு" என்றான். அவன் சொன்னதும் சரிதான், ஒரு பந்துகூடத் தவறவிடாமல் பார்த்தோம்.

கரண்ட் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். நாங்கள் இருந்தபோது தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ஏறும். இங்கே முதல் யூனிட்டிலிருந்தே 12 ரூபாய், தனி மீட்டர் வைத்துக் கணக்கெடுக்கிறார்கள். டிசம்பரில் ஏசியைத் தொடவே இல்லை, வெந்நீரும் மின்விசிறியும் ஃபிரிட்ஜும்தான், 210 யூனிட், 2,520 ரூபாய். மின் இணைப்பு எண்ணைக் கொடுங்கள், வாரியத்தின் பில்லையே பார்த்துக்கொள்கிறேன் என்று மூன்று முறை கேட்டேன். "ஓனர்கிட்ட கேக்கணும்மா" என்ற பதில் நான் கிளம்பும் நாள்வரை ஓனரிடம் போய்ச் சேரவில்லை. சர்வீஸ் அபார்ட்மென்ட் எடுக்கிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் வராது.

டிசம்பர் கடைசியில் மகள் பத்து நாள் வந்தாள். அவளுக்குச் சிங்கப்பூர் பாஸ்போர்ட். வெளிநாட்டுக் குடிமக்கள் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் 'சி' படிவம் என்று எல்லோரும் சொல்கிற தங்கல் விவரத்தைப் பதிய வேண்டும், அது வீடு கொடுப்பவரின் பொறுப்பு, இணையத்திலேயே காசில்லாமல் முடிகிற வேலை. எங்களிடம் "டாக்குமென்ட் சார்ஜ்" என்று 2,000 வாங்கினார்கள். அதற்கு மேல் கூடுதல் ஆள் என்று ஒரு நாளைக்கு 800 வீதம் 8,000. இரண்டு படுக்கையறை வீட்டில், பெற்ற பெண், தன் அப்பாவின் அறைக்குப் பக்கத்து அறையில் தூங்கியதற்கு! வைகுண்ட ஏகாதசி சீசன் ரேட்டாம், வெளியே லாட்ஜில் கேட்டுப் பாருங்கள் என்றார்கள். உண்மைதான், அந்த வாரம் ஊரில் திண்ணை கிடைத்தால்கூட வாடகை கேட்பார்கள்.

அமைதியான தீவு என்ற வார்த்தையை இந்த இடத்தில் விசாரிக்க வேண்டும். டிசம்பர் 30ல் பரமபத வாசல் திறப்பு, அதற்கு முன் பகல் பத்து, பின்னால் இராப்பத்து. அந்த இருபது நாளும் வண்டிகளை எங்கெங்கோ திருப்பிவிடுகிறார்கள், ஆட்டோக்காரர் ராஜகோபுரம் பக்கம் வர மாட்டேன் என்கிறார், தெருவில் இறங்கினால் நீங்கள் நடக்க வேண்டாம், கூட்டமே கொண்டு விட்டுவிடும். மார்கழி முழுக்க விடியலுக்கு முன்பே ஒலிபெருக்கியில் திருப்பாவை. எனக்கு அது தாலாட்டு, எதிர் வீட்டில் தங்கியிருந்த டொராண்டோ தம்பதிக்குத் தலைவலி, இரண்டாம் வாரமே காதடைப்பான் வாங்கிவிட்டார்கள். ஆனால் தை பிறந்து கூட்டம் வடிந்த பிறகு மத்தியானம் இரண்டு மணிக்கு உத்திர வீதியில் நடந்து பாருங்கள். ஒரு மாடு, இரண்டு சைக்கிள், எங்கோ குக்கர் விசில். அப்படி ஒரு நிசப்தத்தை 21 வருடத்தில் நான் கேட்டதில்லை.

(தீவில் 'டிராப்பிகல்' என்று பெயரே வைத்துக்கொண்டு ஓர் இடம் இருக்கிறது, மேலூர் பக்கம் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. மகளை அழைத்துப் போனோம். பூச்சிகளைவிடக் காதலர்கள் அதிகம்.)

சரி, சாப்பாட்டுச் செலவு. முதல் மாதம் நாங்கள் ஏமாந்தோம், இதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். அவர் முக்கால் கால்சட்டையும் தொப்பியுமாக இறங்குவார், நான் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு "எவ்வளவு" என்று கேட்டுவிட்டு பேரம் பேசாமல் நோட்டை நீட்டுவேன். முருங்கைக் கீரை ஒரு கட்டு 40 ரூபாய். மனதுக்குள் வகுத்தேன், 60 சிங்கப்பூர் காசுகூட இல்லை, தேக்காவில் இந்த விலைக்கு யார் தருவார்கள்? மூன்றாம் வாரம் எனக்கு முன்னால் நின்ற மாமி அதே கட்டை 15 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு போனார். கீரைக்காரப் பாட்டியிடம் கேட்டேன். பாட்டி கொஞ்சமும் அசரவில்லை. "நீ தான் கேக்கவே இல்லையேடி" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் நல்ல சிநேகம், கொசுறாகக் கறிவேப்பிலையும் வரும். அவர் வேட்டிக்கு மாறிய வாரம் ரயிலடியிலிருந்து வீட்டுக்கு ஆட்டோ 150லிருந்து 80க்கு இறங்கியது, நான் மிகைப்படுத்தவில்லை.

வாரம் ஒருமுறை காந்தி மார்க்கெட் போனால் காய்கறி இன்னும் மலிவு, ஆனால் அந்தக் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய் வருகிற பாட்டைக் கணக்கில் சேர்த்தால் மிச்சமில்லை. தீவு என்றால் பாலம்தான் உயிர்நாடி என்பது இங்கே வந்த பிறகே உறைத்தது. 1976ல் கட்டிய அந்தப் பாலத்தை 2022 கடைசியில் மராமத்துக்காக மூடி 2023 மார்ச்சில்தான் திறந்தார்களாம், அந்த மாதங்களில் சத்திரம் பேருந்து நிலையம் போவதற்கு ஊரைச் சுற்ற வேண்டியிருந்தது என்று ஆட்டோ அண்ணன் இன்னும் புலம்புகிறார். பேருந்தில் எனக்கு ஒரு குஷி. பெண்களுக்கு அரசின் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை, 2021லிருந்து. சத்திரம் போகக் காசு கொடுக்காமல் நான் ஜன்னலோரம் உட்கார, அவர் சில்லறை தேடுவார். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும், திருச்சியில் தனியார் நகரப் பேருந்துகளும் ஓடுகின்றன, ஒன்றாம் நம்பர் என்று அவசரமாக ஏறினால் கண்டக்டர் கையை நீட்டுவார். ஐந்து நிமிடம் நின்றால் இலவச வண்டி வரும், எனக்கென்ன அவசரம்.

வெளியே சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எங்கே போனாலும் நன்றாகவே இருந்தது. திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸ் நெய் தோசைக்கு மட்டும் தனி வாக்கியம் வேண்டும். 1943லிருந்து இருக்கிற கடை, உட்கார இடத்துக்குக் காத்திருக்க வேண்டும், தோசை ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் வரும், அதற்காக நான்கு மாதத்தில் ஒன்பது தடவை போனேன். கீழே வைத்த வாழை இலையில் நெய் மினுங்குவதைப் பார்த்தால் கொலஸ்ட்ரால் மாத்திரை நினைவுக்கு வரும், வந்தால் வரட்டும்.

பழத்துக்கு இந்தத் தீவை விட்டால் வேறு இடமில்லை. பூவன், ரஸ்தாளி, ஏலக்கி, கற்பூரவல்லி என்று தார் தாராகத் தொங்கும், சிங்கப்பூரில் ஒட்டுக் காகிதம் ஒட்டி வருகிற அந்த ஒரே ருசி மஞ்சள் பழத்தைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு நாக்கு மரத்துப்போனவர்களுக்குத் தெரியும் இதன் அருமை. தை மாதம் அறுவடை முடிந்ததும் மன்னார்குடியிலிருந்து கொழுந்தனார் ஒரு மூட்டை கிச்சிலிச் சம்பா போட்டுவிட்டுப் போனார், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்தால் கோபித்துக்கொள்வார்.

மொத்தத்தைச் சொல்கிறேன். டிசம்பர் மாதம் வீட்டுக்கு மட்டும், வாடகை, ஆறு, கரண்ட், படிவம், மகள் எல்லாம் சேர்த்து 58,520. சாப்பாடு, ஆட்டோ, இதர செலவு 26,000. ஆகமொத்தம் 84,520, சுமார் 1,240 வெள்ளி. பிப்ரவரி பிற்பாதியிலிருந்து ஒரு மாதம் நோட்டில் எழுதி வந்தேன். ஆவின் பச்சைப் பாக்கெட் தினம் இரண்டு, 1,320. காய்கறி பழம் 4,000, மளிகை 4,500, ஹோட்டல் 2,500, ஆட்டோ 1,200, பாத்திரம் தேய்த்து வீடு துடைக்க வந்த அக்காவுக்கு 2,500. கூட்டினால் 16,020. இரண்டு பேர் வயிறார, மனதார இருந்ததற்கு. அந்த மாதமும் வாடகையில் மாற்றமில்லை, அதே 46,000. ஊர் எங்களிடம் வாங்கியதைப் போல் மூன்று மடங்கை அந்த இரண்டு அறை வாங்கிக்கொண்டது.

வைத்தியம் தனிக் கதை, திரும்பி வர நினைக்கிறவர்கள் வாடகைக்கு முன் இதைத்தான் யோசிக்க வேண்டும். அங்கே எங்களுக்கு இருக்கிற மெடிஷீல்டு லைஃப் என்கிற அரசு மருத்துவக் காப்பீடு சிங்கப்பூரில் வைத்தியம் பார்ப்பதற்குத்தான், ஸ்ரீரங்கத்தில் அதை வைத்துக்கொண்டு ஒரு தைலம்கூட வாங்க முடியாது. அவருக்கு வயது 63, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. முன்பு 65க்கு மேல் புதுப் பாலிசி தர மாட்டார்கள் என்று பயமுறுத்துவார்கள், 2024ல் அந்த வயது வரம்பை எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் மூன்று வருடம் என்று ஆயிற்று, முன்பு நான்கு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் இல்லை. ஆனாலும் அந்த மூன்று வருடம் ஓட ஆரம்பிப்பது பாலிசி எடுத்த நாளிலிருந்துதானே, ஊர் திரும்பிய பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் நமக்குத்தான் நஷ்டம். அதனால் குடிபெயர்வதற்கு முன்பே இருவருக்கும் எடுத்துவிட்டோம். டாக்டரைப் பார்க்கிற காசு பெரிதில்லை. காத்திருக்கிற நேரம்தான் பெரிது, ஒருநாள் டோக்கன் 47.

வரி பற்றி ஒரு வரி. நிதி ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை, பொதுவாக 182 நாள் இங்கே தங்கினால் இந்திய வாசி. இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுகிறவர்கள் 120 நாளிலேயே விழித்துக்கொள்ள வேண்டும். அவர் காலண்டரில் தினம் ஒரு நாளை அடித்துக்கொண்டே இருந்தார், ஜெயிலில் இருப்பவர் மாதிரி.

எனவே இந்த அபார்ட்மென்ட் யாருக்கு? பத்து பதினைந்து நாள் கோயில் பார்க்க, கல்யாணத்துக்கு, அம்மா அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் பக்கத்தில் இருக்க வருகிறவர்கள் தாராளமாக எடுக்கலாம், லாட்ஜுக்கு இது எவ்வளவோ மேல். ஆற்றுப் பக்கம் ஆடி முதல் தை வரை கேளுங்கள், மாசிக்கு மேல் தெருப் பக்கமே போதும், அங்கே வேடிக்கையும் அதிகம். மாதக்கணக்கில் தங்க வேண்டாம். முதல் மாதம் மட்டும் இங்கே இருந்துகொண்டு தெருத்தெருவாக நடந்து வீடு பாருங்கள், அதைச் செய்யாமல் நான்கு மாதத்துக்கும் முன்கூட்டியே கட்டியதுதான் என் தப்பு. அட்வான்ஸைத் திருப்பித் தரும்போது சுவரில் கீறல் என்று 5,000 பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கீறல் நாங்கள் வந்த அன்று எடுத்த போட்டோவிலேயே இருக்கிறது, அனுப்பினேன், நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை.

பாத்திரம் தேய்க்க வந்த அக்காதான் எங்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்தார். அடையவளஞ்சான் வீதியில் மாடிப் போர்ஷன், முன்னால் திண்ணை, பின்னால் கிணறு, கிணற்றில் தண்ணீரும் உண்டு. கேட்டது 18,000. அக்காதான் முன்னால் நின்று பேசினார், நாங்கள் இருவரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு, 13,000க்கு முடிந்தது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று 2017 வாடகைச் சட்டத்தில் இருக்கிறது என்று வீட்டுக்கார மாமாவிடம் என் கணவர் மெல்ல ஆரம்பித்தார். மாமா ஓய்வுபெற்ற பதிவாளர் அலுவலக எழுத்தராம், சட்டத்தின் பிரிவு நம்பரையே சொல்லிவிட்டு, "அதுக்கென்ன, எழுதிப் பதிஞ்சுடுவோம்" என்றார். மின் இணைப்பு எண் கதவுக்கு மேலேயே பெயின்டில் எழுதியிருக்கிறது.

ஆடிப் பெருக்குக்கு முன்னால் சாமானோடு வந்துவிடுவோம், அம்மா மண்டபத்துக்கு நடந்தே போகலாம், படியில் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்க 4,000 யாரும் கேட்கப் போவதில்லை. இப்போதைக்கு எங்களுக்கு வேண்டியது ஒரு நல்ல பழைய ஃபிரிட்ஜும், மாடிப்படி வளைவில் ஏற்றக்கூடிய அளவில் ஒரு மர பீரோவும். ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் பக்கம் யாராவது காலி செய்வதாக இருந்தால் சொல்லுங்கள், விலையை மட்டும் அக்காவிடம் பேசிக்கொள்ளுங்கள்.